கமலினிக்கு, கடல்மட்டத்திலிருந்து

முதலில் விசா.
அது கையில் வரும்வரை வாயைத் திறக்காதே.
ஸ்ரான்லி வீதியில் ஒருவருக்குச் சொன்னால்
பொழுதுபட முன்னம் மானிப்பாய்க்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது சப்பாத்து.
புதுசோடு மலைக்குப் போகாதே.
ஒரு மாதம் முன்பே வாங்கி
வங்கிக்கும் சந்தைக்கும் அதையே போட்டு நட.
சீலைக்குக் கீழே தெரிந்தால் மனேச்சர் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

ஏறிப் பழகு என்று எல்லாரும் சொல்வார்கள்.
எங்கே ஏற?
எங்களிடம் உள்ள மலை கீரிமலை,
அங்கேயும் படிகள் கீழேதான் போகின்றன,
தண்ணீருக்குள்.
நான் ஆஸ்பத்திரி வீதியில்
கட்டி முடியாத ஹொட்டேலின் ஐந்து மாடியை
விடிய ஐந்தரைக்கு ஏறி இறங்கினேன்.
காவலுக்கு நின்ற தயாபரன் கேட்டான்:
"என்ன அக்கா, நேர்த்தியோ?"
ஓம் என்றேன்.
விளங்கப்படுத்த மூச்சில்லை.

அதுவும் காலுக்குத்தான் உதவும்.
குஸ்கோவில் விமானம் இறங்குகிற இடமே
மூவாயிரத்து நானூறு மீற்றர்.
நாங்களோ கிணற்றுக்கட்டில் ஏறி நின்றாலே
விழுந்துவிடுவாய் என்று கத்துகிற ஆட்கள்.
ஆகவே பெட்டியை நீ தூக்காதே.
அன்றைக்கே பள்ளத்தாக்குக்கு இறங்கிப் படு,
மலையூரைப் பிறகு பார்க்கலாம்.
கொக்கா இலைத் தேநீர் தருவார்கள், குடி.
குளிசை வேணுமோ என்று இங்கேயே டொக்டரிடம் கேள்.
இரவில் அரைவயிறு.
தலையிடித்தால் வெட்கப்படாமல் சொல்லு,
"ஒண்டுமில்லை" என்று சிரிக்கிற எங்கட குணம்
அந்த உயரத்தில் ஆளைக் கொல்லும்.

பருத்தித்துறை வடை கொண்டுபோ.
ஒட்டின பைக்கற் தலையணைபோல ஊதும், பயப்படாதே.
என்னுடையது ரயிலுக்குள் வெடித்தது.
பக்கத்துச் சீற்றில் இருந்த ஜேர்மன்காரி
மடியில் விழுந்த ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு
இன்னும் ஒன்று கேட்டாள்.

மார்கழி, தை வேண்டாம்.
எங்கள் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கிறபோதுதான்
அவர்களுக்கும் மழை.
மாசியில் நடைபாதையை மூடிவிடுவார்கள்.
வைகாசி நல்லது.

மச்சு பிச்சுவுக்குள் கழிப்பறை இல்லை.
வாசலிலேயே போய்விட்டு நுழை.
கணுக்காலைக் கடிக்கச் சின்ன இலையான் இருக்கும்,
நீளக் காலுறை போடு.

சுவர்களைப் பற்றி.
சாந்தில்லை, சுண்ணாம்பில்லை,
கல் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
நிலம் ஆடினாலும் நிற்கவென்று
கொஞ்சம் உள்ளே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள்.
கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள்.
நான் பார்த்துக்கொண்டு நின்றேன்,
ஷெல் விழுந்தால் எந்த மூலை முதலில் போகும் என்று.
அந்தப் பழக்கத்தை நீ இங்கேயே வைத்துவிட்டுப் போ.
பாரம்.

இனிப் பெயர் விஷயம், கவனமாய்க் கேள்.
நுழைவு ரிக்கற்றில் பெயர்
பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கவேணும்.
குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள்.
எங்களுக்கு ஏது?
அப்பாவின் பெயரைத்தான் போடுவாய்.
நானும் அப்படித்தான் போட்டேன்.
வாசலில் நின்றவர் பாஸ்போட்டை விரித்து,
"கந்தப்பு" என்றார்.
நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

முப்பத்தொரு வருஷம்
காரைநகர் பஸ்ஸில் ரிக்கற் கிழித்த மனிசன்.
பொன்னாலைப் பாலத்தைத் தாண்டுவதே பிரயாணம்.
கொழும்புக்கு இரண்டு தரம்,
இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

"கந்தப்பு?" என்று மறுபடியும் கேட்டார்.
ஓம் என்றேன், தமிழில்.
ரிக்கற்றின் ஓரத்தைக் கிழித்து மிச்சத்தைத் தந்தார்.
கோணலாய்க் கிழித்திருந்தார்.
அப்பா கண்டால் ஏசியிருப்பார்.

உன்னுடையதையும் பார்த்தேன்: தம்பிமுத்து கமலினி.
கூப்பிட்டால் உடனே போ,
பின்னால் வரிசை நிற்கும்.

சொல்ல மறந்தேன், தொப்பி.
அங்கே வெயில் சுடாது,
இரண்டு நாள் கழித்துத்தான் மூக்கு உரியும்.